ஷோ கொயருக்குப் படியளப்பது யார்?

ஆகஸ்டில் பள்ளி திறந்த இரண்டாவது வாரம், மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். பள்ளியின் பாடி ஆடும் குழுவான ஷோ கொயரில் இடம் கிடைத்துவிட்ட மகிழ்ச்சி முகத்தில் தெரிந்தது. ஆனால் தாளை என் பக்கம் தள்ளும்போது தயங்கினாள். முதல் பக்கம் முழுவதும் ஒத்திகைத் தேதிகள். இரண்டாம் பக்கத்தில் பணம்: முன்பணம், மூன்று தவணைகள், உடைக்குத் தனி, காலணிக்குத் தனி. எல்லாவற்றுக்கும் கீழே, "ஒவ்வொரு குடும்பமும் நிதி திரட்டலில் பங்கெடுக்க வேண்டும்" என்று ஒரு வரி. அரசுப் பள்ளியில் பாட்டுப் பாடுவதற்கு இவ்வளவா என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. இண்டியானாவில் நாங்கள் இருக்கும் ஊருக்குப் புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுதோறும் இதே கேள்வியோடு என்னை அழைக்கின்றன. "அக்கா, இது கட்டணமா, நன்கொடையா? கட்டாவிட்டால் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்களா?" தொலைபேசியில் சொல்லிச் சொல்லிப் பழகிய பதிலை இங்கே எழுதிவைக்கிறேன்.

சாதாரணச் சேர்ந்திசைக் குழு நின்ற இடத்தில் நின்று பாடும். ஷோ கொயர் பாடிக்கொண்டே ஆடும். நாற்பது, ஐம்பது, சில பள்ளிகளில் அறுபது பிள்ளைகள் படிமேடையில் அடுக்கடுக்காக நின்று, ஏறத்தாழ இருபது நிமிடத்துக்குள் ஐந்தாறு பாடல்களைப் பாடி ஆடி முடிப்பார்கள். நடுவில் மேடைக்குப் பின்னால் ஓடிப்போய் உடை மாற்றிக்கொண்டு, அடுத்த பாடலின் முதல் அடிக்குள் திரும்பியிருப்பார்கள். பக்கவாட்டில் டிரம்ஸ், கிடார், டிரம்பெட் என்று ஒரு வாத்தியக் குழு நேரடியாக வாசிக்கும்; அதற்கு 'காம்போ' என்று பெயர். மேடைப் பொருள்களைத் தூக்கவும் தள்ளவும் மாணவர்களே ஒரு 'க்ரூ'வாக இயங்குகிறார்கள்.

இது அமெரிக்காவில் பிறந்த கலை. 1962இல் மில்டன் ஆண்டர்சன் கலிஃபோர்னியாவில் தொடங்கிய 'தி யங் அமெரிக்கன்ஸ்' குழு, பாட்டையும் ஆட்டத்தையும் ஒரே மேடையில் சேர்த்துக் காட்டி ஊர் ஊராகப் போனது. பள்ளிகள் அதைப் பார்த்துத் தாங்களும் செய்தன. அப்போது 'ஸ்விங் கொயர்' என்று அழைத்தார்கள். இண்டியானாவின் ஃபோர்ட் வெய்ன் நகரில் பிஷப் லூயர்ஸ் பள்ளி 1974இல் நடத்தியதைத்தான் இத்துறையின் முதல் போட்டியாகச் சொல்கிறார்கள். இன்று இண்டியானா, ஒஹையோ, இல்லினாய், அயோவா, மிசிசிப்பி, கலிஃபோர்னியா ஆகிய மாநிலங்களில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை சனிக்கிழமை தவறாமல் எங்காவது ஒரு பள்ளி அரங்கில் போட்டி நடக்கிறது.

போட்டி என்று வந்த பிறகுதான் செலவும் வந்தது. பாடுவதற்குத் தொண்டை போதும். நடுவர்களுக்கு முன்னால் இன்னொரு பள்ளியை வெல்ல வேண்டுமென்றால் மினுங்கும் உடை வேண்டும், வெளியூரிலிருந்து வரும் நடன அமைப்பாளர் வேண்டும், பயணப் பஸ் வேண்டும்.

இந்தச் செலவை மூன்று கைகள் தாங்குகின்றன. புதிதாக வருகிறவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன்: ஆசிரியரும் கூரையும் வரிப்பணத்தில், பிள்ளையின் உடம்பில் இருப்பது கட்டணத்தில், மேடையில் இருப்பது திரட்டிய நிதியில். பள்ளிக்குப் பள்ளி கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆனாலும் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு தாளைப் படித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வரிப்பணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் உள்ளூர்ச் சொத்து வரியிலும் மாநில அரசின் நிதியிலும் நடக்கின்றன; ஒன்றிய அரசின் பங்கு சிறியது. கொயர் ஆசிரியர், ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகமான பள்ளி மாவட்டத்தின் ஊழியர். அரங்கு, ஒத்திகை அறை, பியானோ, மின்சாரம் எல்லாம் மாவட்டத்தின் பொறுப்பு. நம் கண்ணில் படாவிட்டாலும் மிகப் பெரிய உதவி இதுதான். தனியார் நடனப் பள்ளியில் மாதக் கட்டணமாக நாம் கட்டுவதில் பெரும்பகுதி வாடகைக்கும் சம்பளத்துக்கும்தான் போகிறது. ஷோ கொயரில் அந்தச் சுமை நம் தலையில் இல்லை.

அடுத்தது கட்டணம். ஒரு பருவத்துக்குச் சில நூறு டாலரில் தொடங்கி, பெரிய குழுக்களில் ஆயிரத்தைத் தாண்டியும் போகும். தாளில் 'உடை' என்று ஒரே வரியில் போட்டிருப்பார்கள். அந்த ஒரு வரிக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று ஒரு சனிக்கிழமை மாலையில்தான் தெரிந்துகொண்டேன். பள்ளி உணவுக்கூடத்தில் நீள மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அவற்றின்மேல் நீல நிற உடைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். தையல்காரரிடமே கல் பதிக்கச் சொன்னால் ஓர் உடைக்கு விலை எங்கோ போய்விடும் என்பதால், பெற்றோர்களே கல் ஒட்ட உட்கார்ந்திருந்தோம். 'ஈ-6000' என்றொரு பசை உண்டு. அதன் நெடி தலையைச் சுற்றவைக்கும், கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய முடியும். மெழுகு முனையுள்ள பென்சிலால் ஒவ்வொரு கல்லாகத் தொட்டெடுத்து, பசைப் பொட்டின்மேல் வைத்து, விரல் நுனியால் மெதுவாக அழுத்த வேண்டும். அதிகம் அழுத்தினால் பசை விளிம்பில் பிதுங்கிக் கல் மங்கிவிடும். கோலத்துக்குப் புள்ளி வைத்த கை எனக்கு, வரிசை தப்பவில்லை. மூன்று மணி நேரத்தில் இரண்டு உடைதான் முடிந்தது. ஐம்பது உடைகள் இருந்தன. உடைக்குக் கட்டும் பணம் அதிகமா குறைவா என்ற கேள்வி அதோடு என்னைவிட்டுப் போய்விட்டது.

கட்டணத்தில் வழக்கமாக அடங்குபவை உடை, காலணி, ஒத்திகைச் சட்டை, கோடைகால நடன முகாம், சில இடங்களில் வெளியூர்ப் பயணத்தில் பிள்ளையின் பங்கு. போட்டி நாளில் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக ஒப்பனைப் பொருள், காதணி, தோல் நிறக் காலுறை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்வார்கள். இந்தச் சில்லறைப் பொருள்களைப் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய தொகைக்கு எல்லோரும் தயாராக இருப்பார்கள். ஜனவரியில் திடீரென்று வரும் நாற்பது டாலர்தான் வீட்டில் முகம் சுளிக்க வைக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் மீதி விளங்கும். இது எந்தப் பள்ளியின் கணக்கும் அல்ல, புரிவதற்காக நான் போட்டது. ஐம்பது பிள்ளைகள் உள்ள குழு என்று வைத்துக்கொள்வோம். உடை, காலணிக்கு ஆளுக்கு 350 டாலர் என்றால் 17,500. நடன அமைப்பாளருக்கும், பாடல்களை இந்தக் குழுவின் குரலுக்கேற்பக் கோத்துத் தரும் இசையமைப்பாளருக்கும் 14,000. காம்போவில் கூட வாசிக்க வரும் வெளிக் கலைஞர்களுக்கு 4,000. ஐந்து போட்டிகளுக்குப் பதிவுக் கட்டணம் 3,000. பஸ், பொருள் ஏற்றும் வண்டி 8,000. ஒரு போட்டிக்கு வெளியூரில் இரவு தங்க 9,000. மேடை அமைப்பு, திரைச்சீலை, விளக்கு 5,000. பாடல் உரிமைக்கும் மற்ற சில்லறைகளுக்கும் 3,500. கூட்டினால் 64,000 டாலர். எல்லாவற்றையும் பிள்ளைகள் தலையில் போட்டால் ஆளுக்கு 1,280. எத்தனை வீடுகள் இதைத் தாங்கும்? அதனால் கட்டணத்தை 600 டாலரில் நிறுத்துகிறார்கள் என்று வையுங்கள். அதில் 30,000 வரும். ஐந்து பிள்ளைகளால் கட்டவே முடியவில்லை என்றால் 3,000 குறையும். ஆக 37,000 டாலர் பள்ளம். அதை நிரப்பத்தான் நிதி திரட்டல்.

தாளின் கீழே இருந்த அந்த வரியை மிரட்டலாகப் படிக்கிறவர்கள் இந்தப் பள்ளத்தைப் பார்க்கவில்லை. 600 டாலரை 1,280 ஆக விடாமல் பிடித்து வைத்திருப்பதே அந்த வரிதான்.

கணக்கில் 'பாடல் உரிமை' என்று ஒன்றைச் சேர்த்தேனே, அது பலருக்குப் புதிதாக இருக்கும். ஒரு பிரபலப் பாடலை எடுத்து, வெட்டி, வேறு பாடலோடு கோத்து, புதிய குரல் அமைப்பில் பாட வைக்க வேண்டுமென்றால் பதிப்புரிமை வைத்திருப்பவரின் அனுமதி வேண்டும். அதற்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. கலிஃபோர்னியாவில் பர்பேங்க் உயர்நிலைப் பள்ளியின் கொயர் ஆசிரியர்மீதும், அந்தக் குழுவுக்கு நிதி திரட்டிய பெற்றோர் சங்கத்தின்மீதும், ட்ரெசோனா என்ற உரிம நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ஆசிரியர் கற்பித்தலுக்காகப் பயன்படுத்தியது நியாயமான பயன்பாடே என்று 2020இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிரியர், பெற்றோர் தரப்பின் வழக்கறிஞர் செலவை நிறுவனமே தர வேண்டும் என்றும் சொன்னது. பெற்றோர் பக்கம் வென்றார்கள்தான். ஆனால் பிள்ளைகளின் உடைக்காகப் பணம் சேர்த்த சங்கம் நீதிமன்றப் படியேறி இத்தனை காலம் நின்றது என்பதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. உரிமத்துக்குச் செலவழிப்பது வீண் என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் இந்த வழக்கை நினைவூட்டுங்கள்.

பணம் திரட்டும் அந்தப் பெற்றோர் சங்கத்துக்குப் 'பூஸ்டர்ஸ்' என்று பெயர். பெரும்பாலும் இது பள்ளியின் பகுதி அல்ல. தனியாகப் பதிவு செய்து, அமெரிக்க வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் வருமான வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்பு. தலைவர், செயலர், பொருளாளர் எல்லோரும் சம்பளமில்லாத பெற்றோர்கள். ஆகவே உங்கள் கையில் உள்ள தாளில் இரண்டு கணக்குகள் இருக்கக்கூடும்: பள்ளிக்குக் கட்டுவது ஒன்று, பூஸ்டர்ஸுக்குக் கொடுப்பது இன்னொன்று. எந்தக் காசோலை யார் பெயருக்கு என்று கவனமாகப் பாருங்கள்.

திரட்டும் வழிகள் ஏராளம். எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு இல்லை என்பதுதான் நான் அனுபவத்தில் கற்றது. குக்கீ மாவு டப்பா, சாக்லெட், கிறிஸ்துமஸுக்கு முன் ஆரஞ்சுப் பெட்டி, வாசலில் மாட்டும் பசுந்தழை வளையம் என்று பிள்ளைகள் வீடு வீடாக விற்பார்கள். விற்பனை நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, பொதுவாக விலையில் பாதியோ அதற்குக் கொஞ்சம் குறைவாகவோதான் குழுவுக்கு வரும். இருபது டாலர் டப்பாவை வாங்கும் மாமாவுக்கு முழு இருபதும் பிள்ளைக்குப் போவதாக நினைப்பு. உணவக இரவு என்று ஒன்று உண்டு. அன்று அந்தக் கடையில் சாப்பிட்டால் பில்லில் பத்து முதல் இருபது விழுக்காடு வரை குழுவுக்குத் தருவார்கள். நல்ல பொழுதுபோக்கு, சிறிய வருமானம். காதலர் தினத்துக்குப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பாட்டுப் பாடி வாழ்த்துச் சொல்வதற்கு ஆளுக்குச் சில டாலர் வாங்குவார்கள். முதலீடே இல்லை, சிரிப்பு மட்டும் நிறைய. சின்னக் குழந்தைகளுக்கு ஒரு நாள் பாட்டு-ஆட்ட முகாம் நடத்தி, மாலையில் மேடையேற்றுவார்கள். ஏழு வயதுப் பிள்ளை மேடையில் நின்றால் தாத்தா பாட்டி வரை எல்லோரும் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருப்பார்கள். இந்த யோசனையைக் கண்டுபிடித்தவர் எவரோ, அவருக்கு என் வணக்கம். அந்தக் குழந்தைகளில் சிலர் ஐந்தாறு ஆண்டு கழித்துக் குழுவிலேயே சேருகிறார்கள்.

ஊர்ப் பல் மருத்துவர், வீட்டு மனைத் தரகர், கார் பழுது பார்ப்பவர் ஆகியோரிடம் நிகழ்ச்சி மலருக்கு விளம்பரம் வாங்குவது இன்னொரு வழி. நம் தமிழ்க் குடும்பங்கள் இதில் ஏன் பின்வாங்குகிறோம் என்று எனக்குப் புரிந்ததில்லை. கோயில் திருவிழா மலருக்கும் தமிழ்ச் சங்கப் பொங்கல் மலருக்கும் மளிகைக்கடைக்காரரிடம் கூச்சமில்லாமல் விளம்பரம் கேட்கிறோமே, அதே வேலைதான் இது.

இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது, சொந்தப் பள்ளியில் போட்டி நடத்துவது. 'இன்விடேஷனல்' என்பார்கள். பதினைந்து, இருபது குழுக்களை அழைக்கலாம். ஒவ்வொரு குழுவும் பதிவுக் கட்டணம் கட்டும். ஒவ்வொரு குழுவோடும் பெற்றோர், தாத்தா பாட்டி, தம்பி தங்கை என்று ஒரு படை டிக்கெட் எடுத்துக்கொண்டு வரும். காலை ஏழு, எட்டு மணிக்குத் தொடங்கினால் பகல் முழுவதும் முதல் சுற்று, மாலையில் முடிவு அறிவிப்பு, இரவில் முதல் ஐந்தாறு குழுக்களுக்கு இறுதிச் சுற்று. நள்ளிரவில் கோப்பை கொடுப்பார்கள். அத்தனை மணி நேரமும் அந்தக் கூட்டத்துக்குப் பசிக்கும்.

சென்ற குளிர்காலத்தில் விடியற்காலை ஐந்தரைக்கு நான் பள்ளிச் சமையலறையில் நின்றேன். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. என் பொறுப்பு 'வாக்கிங் டாக்கோ'. மத்திய மேற்கு மாநிலங்களின் பள்ளி விழாக்களில் இது இல்லாமல் நடக்காது. சோளச் சிப்ஸ் சிறு பையை நீளவாக்கில் வெட்டித் திறந்து, உள்ளே சூடான மாட்டிறைச்சிக் கொத்து, துருவிய சீஸ், நறுக்கிய கீரை, ஒரு கரண்டி புளித்த கிரீம் போட்டு, ஒரு பிளாஸ்டிக் கரண்டியைக் குத்திக் கொடுத்துவிட வேண்டும். தட்டு தேவையில்லை, நடந்துகொண்டே சாப்பிடலாம். மரக்கறிக்காரர்களுக்குப் பீன்ஸ் பாத்திரம் தனியாக வேண்டும் என்று நான் முந்தைய கூட்டத்தில் கேட்டிருந்தேன். வைத்திருந்தார்கள், மதியத்துக்குள் தீர்ந்தும் போனது. என் பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தவர் ஒரு டிரக் ஓட்டுநர். இரவு முழுவதும் ஓட்டிவிட்டு நேராக வந்திருந்தார். அவருடைய மகன் மேடையில் ஏறுபவன் அல்ல, க்ரூவில் படிமேடையைத் தள்ளுபவன். "அவன் இருக்கும் குழு, நான் வராமல் எப்படி?" என்றார். இன்னொரு மேசையில் ஒரு டாலருக்குச் சீட்டு விற்றார்கள். அதில் "நன்றாகப் பாடு. இப்படிக்கு, பாட்டி" என்று எழுதிக் கொடுத்தால் ஒரு மிட்டாயோடு சேர்த்து உங்கள் பிள்ளையின் குழு தங்கியிருக்கும் வகுப்பறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அந்த ஒரு டாலர் சீட்டுகள் மட்டும் ஒரு பெரிய பெட்டி நிறைய இருந்தன.

நடத்தும் பள்ளி தன் சொந்தப் போட்டியில் பரிசுக்கு நிற்பதில்லை. கண்காட்சியாக ஒருமுறை பாடி ஆடுவதோடு சரி. அன்று நம் பிள்ளைகள் வழிகாட்டுவார்கள், கதவு பிடிப்பார்கள், குப்பை அள்ளுவார்கள். என் மாதிரிக் கணக்கின் 37,000 டாலர் பள்ளத்தில் 22,000 இந்த ஒரு நாளில் நிரம்பியது, விளம்பரத்தில் 6,000, பொருள் விற்பனையில் 5,000, சாப்பாட்டோடு டிக்கெட் விற்று நடத்தும் இரவு விருந்துக் கச்சேரியில் 4,000 என்று வைத்தால், உண்மையில் பல குழுக்களின் நிலைமைக்கு அது அருகிலேயே இருக்கும். பெரிய அரங்கு இல்லாத பள்ளிக்கும் பெற்றோர் கைகள் குறைந்த பள்ளிக்கும் இந்த வாய்ப்பு இல்லை. பணம் உள்ள ஊரின் குழுவுக்கே மேலும் பணம் திரட்டும் வசதி இருக்கிறது. இது இந்தக் கலையின் உண்மையான காயம். அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

அடிக்கடி சண்டை வரும் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து, "என் மகள் நூறு டப்பா விற்றாள், பக்கத்து வீட்டுப் பையன் ஒன்றுகூட விற்கவில்லை. அவள் விற்றதற்கான லாபத்தை அவள் கட்டணத்தில் கழியுங்கள்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வரிவிலக்குப் பெற்ற சங்கம் அப்படிச் செய்தால் ஆபத்து. வர்ஜீனியாவில் 'கேப்பிட்டல் ஜிம்னாஸ்டிக்ஸ்' என்ற பெற்றோர் சங்கம், எந்தக் குடும்பம் எவ்வளவு திரட்டியதோ அதற்கேற்பப் புள்ளி கொடுத்து, அந்தக் குடும்பத்தின் பாக்கியில் மட்டும் கழித்துவந்தது. இது பொதுநலம் அல்ல, தனிப்பட்ட குடும்பங்களுக்கான ஆதாயம் என்று வருமான வரித் துறை விலக்கைப் பறித்தது; 2013இல் வரி நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. திரட்டிய பணம் பொதுப் பானையில் விழ வேண்டும், பானையிலிருந்து எல்லோருக்கும் எடுக்க வேண்டும் என்பதே இதன் சாரம். அந்தத் தந்தைக்குக் கோபம் தணிய இரண்டு கூட்டங்கள் ஆயின.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1970களின் இறுதியில் சொத்து வரிக்கு வரம்பு கட்டிய பிறகு கலிஃபோர்னியாவில் பள்ளிகளுக்குப் பணம் சுருங்கியது. சான்டா பார்பராவில் நாடகம், பாட்டுக் குழு, விளையாட்டு ஆகியவற்றுக்கு 25 டாலர் கட்டணம் போட்டார்கள். ஒரு தாய் வழக்குத் தொடுத்தார். 'ஹார்ட்செல் எதிர் கானல்' என்ற அந்த வழக்கில் 1984இல் மாநில உச்ச நீதிமன்றம், கல்வியின் அங்கமான இத்தகைய செயல்பாடுகளுக்குக் கட்டணம் வாங்குவது மாநில அரசமைப்பின் இலவசப் பள்ளி உறுதிமொழிக்கு எதிரானது என்றது. ஏழைகளுக்கு விலக்கு உண்டே என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. அதனால் இன்றும் கலிஃபோர்னியா அரசுப் பள்ளியில் 'கட்டணம்' என்று கேட்க முடியாது. 'விரும்பினால் கொடுங்கள்' என்றுதான் கேட்கலாம், கொடுக்காத பிள்ளையை விலக்கவும் முடியாது. நாங்கள் இருக்கும் பகுதியின் மாநிலங்களில் கட்டணம் வழக்கமாகவே இருக்கிறது. சான் ஹோசேயிலிருந்து இங்கே மாறி வருகிறவர்கள் திகைப்பதற்கும், இங்கிருந்து அங்கே போகிறவர்கள் மகிழ்வதற்கும் இதுதான் காரணம்.

வருமான வரியில் ஒரு குறிப்பு. பிள்ளைக்காகக் கட்டும் கட்டணம் நன்கொடை ஆகாது, கழிக்க முடியாது. பூஸ்டர்ஸுக்கு எதையும் திரும்பப் பெறாமல் கொடுப்பது நன்கொடை. விருந்துக்கு 50 டாலர் கொடுத்து 20 டாலர் மதிப்புள்ள சாப்பாடு சாப்பிட்டால், மீதி 30தான் நன்கொடைக் கணக்கில் வரும். மென்பொருள் துறையில் வேலை செய்யும் நம்மவர்கள் அவசியம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்ற நிறுவனங்கள் ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்கு ஈடாகத் தாமும் கொடுக்கின்றன. உங்கள் நிறுவனத்திலும் அந்தத் திட்டம் இருக்கிறதா, பூஸ்டர்ஸ் அதற்குத் தகுதி பெற்றதா என்று விசாரியுங்கள். ஒரு படிவம் நிரப்பும் பத்து நிமிடம், ஐம்பது டப்பா குக்கீ மாவுக்குச் சமம். சோம்பலால் இதை விட்டுவிடுகிறோம். எனக்கு அது வலிக்கிறது.

பணம் இல்லையென்றால்? இதைத்தான் தொலைபேசியில் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். இந்தத் துறையில் நல்ல ஆசிரியர் எவரும் பணத்துக்காகப் பிள்ளையை இழக்க விரும்புவதில்லை. பள்ளியில் இலவச அல்லது குறைந்த விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்ற குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை கொடுப்பது பல இடங்களில் வழக்கம். வறுமைக்கோட்டு வருமானத்தைப் போல 185 விழுக்காடு வரை உள்ளவர்கள் அந்த உணவுத் திட்டத்தில் அடங்குவார்கள். அந்த வரம்புக்கு மேலே இருந்தும் வேலை போனவர்கள், மருத்துவச் செலவில் சிக்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே: முதல் தவணைத் தேதிக்கு முன்பே ஆசிரியருக்குத் தனியாக எழுதுவது. காரணத்தை விரித்துச் சொல்லத் தேவையில்லை. "இந்தப் பருவத்துக் கட்டணம் எங்களால் முடியாது, தவணையோ உதவியோ கிடைக்குமா?" என்ற இரண்டு வரி போதும். நம் வீடுகளில் இதைக் கேட்பதைக் கௌரவக் குறைவாக நினைத்து, "வேண்டாம் கண்ணு, படிப்பைப் பார்" என்று பிள்ளையை நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளைக்கு உண்மைக் காரணம் தெரிந்துவிடும். தெரியாதது போல இருக்கும், அவ்வளவுதான். அந்த ஐந்து பேருக்கான 3,000 டாலரை மாதிரிக் கணக்கில் தொடக்கத்திலேயே சேர்த்தேன் அல்லவா? நல்ல சங்கங்கள் அப்படித்தான் பட்ஜெட் போடுகின்றன. அந்தப் பணம் யாரோ ஒருவருடைய தயவு அல்ல, ஏற்கெனவே ஒதுக்கிய தொகை.

பணம் கட்டுகிறவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. பூஸ்டர்ஸ் கூட்டத்துக்கு ஒருமுறையாவது போங்கள். இந்த ஆண்டு பட்ஜெட் எங்கே, காசோலையில் எத்தனை பேர் கையெழுத்து, வங்கிக் கணக்கைப் பொருளாளர் அல்லாத இன்னொருவர் மாதாமாதம் பார்க்கிறாரா, குழுவிலிருந்து பாதியில் விலகினால் எது திரும்பக் கிடைக்கும் என்று கேளுங்கள். கெட்ட எண்ணத்தால் கேட்கிறோம் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். ரொக்கம் புழங்கும் இடத்தில் இருவர் எண்ணுவது பொருளாளருக்கே பாதுகாப்பு. போட்டி நாளில் டிக்கெட் மேசைப் பணத்தை நானும் இன்னொரு தாயும் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு முறை எண்ணி, இருவரும் கையெழுத்திட்டுத்தான் உறையை ஒட்டினோம்.

இன்னொரு கேள்வியும் கேட்டுவையுங்கள்: உடை யாருக்குச் சொந்தம்? சில பள்ளிகளில் கட்டணத்தில் வாங்கிய உடையைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். சில பள்ளிகளில் உடை சங்கத்துடையது, கட்டணம் அதற்கான வாடகை போல. மே மாதத்தில் சலவை செய்து திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எங்களுடையது இரண்டாவது வகை. இந்த மே மாதம் அந்த நீல உடையைத் திருப்பிக் கொடுக்க மடித்தபோது, உள்பக்கக் கழுத்தோரம் ஒரு வெள்ளைத் துணிப் பட்டி தைத்திருந்ததைப் பார்த்தேன். மை மங்காத பேனாவால் என் மகளின் பெயரை எழுதியிருந்தார்கள். கீழே இன்னும் மூன்று பெயர் எழுத இடம் விட்டிருந்தது. இடுப்புப் பக்கத்தில் இரண்டு கற்கள் உதிர்ந்திருந்தன. பசையைத் தேடி எடுத்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒட்டி, காயவிட்டுத்தான் பையில் வைத்தேன்.